பணியிடத்தில் படும் வசவும் நோய்க்காரணியே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பேருந்து நிலையத்துக்கு நடந்து போகும் தொலைவில் மருந்துக்கடை வைத்திருப்பவன் நான். அதற்கு முன்பு மருந்து நிறுவனம் ஒன்றின் விற்பனைப் பிரதிநிதியாகக் கடலூர், புதுச்சேரி, விழுப்புரம் ஆகிய ஊர்களில் வேலை பார்த்தேன். வேலை செய்யும் இடத்தில் ஊழியர்கள் நடத்தப்படும் விதம் அவர்கள் உடம்பில் எப்படி நோயாக இறங்குகிறது என்பதை மருந்துக்கடை மேசைக்கு இந்தப் பக்கம் நின்று அன்றாடம் பார்க்கிறேன். அதனை முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான தகராறு என்று ஒதுக்கிவிடாமல், பொதுச் சுகாதாரப் பிரச்சினையாகவே நம் மாவட்ட நிர்வாகமும் புதுச்சேரி அரசும் கையாள வேண்டும் என்று கேட்டே இதனை எழுதுகிறேன்.

இரவு ஒன்பதரை மணிக்கு மேல் என் கடைக்கு வருவோரில் பலர் ஜவுளிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை ஊழியர்கள். கடையின் சீருடைச் சேலையைக்கூட மாற்றாமல், ஊருக்குப் போகும் கடைசிப் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் வருகிறார்கள். அவர்கள் கேட்பது பெரும்பாலும் கேஸ் மாத்திரை, கால்வலிக்குத் தைலம், இல்லாவிட்டால் குரலைத் தாழ்த்திக்கொண்டு "நீர்க்கடுப்புக்கு ஏதாவது". நீர்க்கடுப்பு என்று வரும் பெண்களிடம் மருத்துவரைப் பார்க்கச் சொல்வதோடு, நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்றும் சொல்வது வழக்கம். அப்படிச் சொன்னபோது ஒரு பெண், "குடிச்சா போகணும் சார், போனா நோட்டுல எழுதுவாங்க" என்றார். விசாரித்ததில், அவர் வேலை பார்க்கும் கடையில் பெண் ஊழியர்களுக்கான கழிப்பறை மேல்மாடிக் குடோனுக்குப் பின்னால் இருக்கிறது என்றும், எத்தனை மணிக்குப் போனார், எத்தனை மணிக்குத் திரும்பினார் என்று தளப் பொறுப்பாளர் குறித்து வைக்கிறார் என்றும், மாதக் கடைசியில் அந்த நோட்டைப் பார்த்துத்தான் ஊக்கத்தொகை முடிவாகிறது என்றும் தெரிந்தது. காலையில் வீட்டில் குடித்த காப்பியோடு சரி, மத்தியானச் சாப்பாட்டின்போதும் அரை டம்ளர் தண்ணீர்தான் என்றார்.

இதில் மருத்துவ மர்மம் எதுவும் இல்லை. சிறுநீரை மணிக்கணக்கில் அடக்கினால் கிருமிகள் சிறுநீர்ப்பையில் தங்கிப் பெருக வாய்ப்பு அதிகமாகிறது. தொற்று மேலேறினால் சிறுநீரகத்தைத் தொடும். கருவுற்ற பெண்ணுக்கு அது குறைமாதப் பிரசவம் வரை கொண்டுபோய் விடலாம். ஐந்து நாள் மாத்திரையில் தொற்று அடங்கும். ஆறாம் நாள் அவர் திரும்பிப் போவது அதே நோட்டுக்குத்தான். ஆகையால் ஒன்றிரண்டு மாதத்தில் மறுபடியும் வருகிறார்.

உட்காரும் உரிமைக்குச் சட்டம் வந்துவிட்டதே என்று சிலர் நினைக்கலாம். உண்மைதான். கேரளம் 2018-இல் செய்ததைப் பின்பற்றி, தமிழ்நாடு 2021-இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, ஊழியர்கள் வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காருவதற்கு இருக்கை வைத்தாக வேண்டும் என்று கட்டாயமாக்கியது. நான் அறிந்த கடைகள் பலவற்றில் இருக்கை இருக்கிறது. ஆய்வுக்கு வருபவர் கண்ணில் படும் இடத்திலேயே இருக்கிறது. அதில் உட்கார்ந்த பெண்ணைப் பார்த்து "வீட்டுக்குப் போய் உட்காரும்மா" என்று பொறுப்பாளர் ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், அதன் பிறகு அந்த ஸ்டூலில் உட்காருவார் இல்லை. இருக்கை போடச் சொல்லும் சட்டத்தால் அந்த ஒற்றை வாக்கியத்தைப் பிடிக்க முடியவில்லை. நான் சொல்ல வந்த விஷயத்தின் மையம் அந்த வாக்கியத்தில்தான் இருக்கிறது.

கழிப்பறையும் இருக்கையும் கண்ணுக்குத் தெரிபவை. தெரியாதவை வேறு இருக்கின்றன. வாடிக்கையாளர் எதுவும் வாங்காமல் படியிறங்கினால், புடவை எடுத்துப் போட்ட பெண்ணைக் கூட வேலை செய்பவர்கள் முன்னிலையில் நிறுத்தி, "இதுக்குத்தான் சம்பளமா" என்று தொடங்கி, அவருடைய ஊர், சாதி, நிறம் வரை இழுத்துப் பேசுவது ஒன்று. தனியார் பள்ளி, கல்லூரிகளில் ஆசிரியர்களின் அசல் சான்றிதழ்களை நிர்வாகம் வாங்கி வைத்துக்கொண்டு, வேலையை விட நினைத்தாலும் விட முடியாதபடி செய்வது இன்னொன்று. தவணை வசூலிக்கும் நிதி நிறுவனங்களில், இலக்கை எட்டாத பையன்களின் பெயரை வாட்ஸ்ஆப் குழுவில் சிவப்பில் போட்டு இரவு பதினொரு மணிக்கு விளக்கம் கேட்பதும், மருத்துவமனைகளில் மாற்றுக்கு ஆள் வரவில்லை என்று செவிலியரை இரட்டைப் பணி பார்க்கவைத்து, மறுநாள் கண் சொருகினால் அவரையே குற்றவாளியாக நிறுத்துவதும் அப்படித்தான். நான் பிரதிநிதியாக இருந்த காலத்தில் எங்கள் நிறுவனத்தின் மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில், இலக்கை எட்டாதவர்கள் மதிய உணவு வரை நின்றுகொண்டே இருக்க வேண்டும். கூட்டத்துக்கு முந்தைய நாள் எங்கள் பையிலிருந்த மாதிரி மாத்திரைகளில் முதலில் தீர்ந்துபோனது அமிலச் சுரப்புக்கானது. பிறருக்குக் கொடுக்கக் கொண்டுபோன மருந்தை நாங்களே விழுங்கினோம்.

அவமானமும் அச்சமும் உடம்பைத் தொடுவது எப்படி என்று சிலர் ஐயப்படுவதால் இதனைச் சற்று விளக்க வேண்டியிருக்கிறது. அஞ்சும்போது அட்ரினலின், கார்ட்டிசால் என்னும் ஹார்மோன்கள் சுரந்து இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஏற்றுவது உடலின் இயல்பு. ஆபத்து நீங்கியதும் அவை இறங்கிவிட வேண்டும். ஆனால் ஆபத்து என்பது நாள்தோறும் காலை ஒன்பதரைக்குத் தொடங்கி இரவு ஒன்பதரைக்கு முடியும் ஒரு மனிதரின் முகமாக இருந்தால், அவை முழுமையாக இறங்குவதற்கு இடமே கிடைப்பதில்லை. தூக்கம் கெடுகிறது. தூக்கம் கெட்டால் மறுநாள் பசியும் சர்க்கரையும் தாறுமாறாகின்றன. வயிற்றெரிச்சல், அடிக்கடி மலம் கழிக்கும் தொல்லை, ஒற்றைத் தலைவலி, மாதவிடாய் தள்ளிப்போதல் என்று ஒவ்வொன்றாக வருகின்றன. வயிற்றுக்கு ஒரு மருத்துவரும் தலைவலிக்கு ஒரு மருத்துவருமாகப் போய், ஸ்கேன் எடுத்து, எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்ற முடிவோடு திரும்பியவர்களை எனக்குத் தெரியும். ஸ்கேனுக்குக் கொடுத்த பணம் அவர்களுடைய பாதி மாதச் சம்பளம். தூக்கத்துக்கென்று சீட்டில்லாமல் அல்பிரசோலம் கேட்டு வருபவர்களும் உண்டு. அது எச்-1 அட்டவணையில் உள்ள மருந்து என்பதால் மருத்துவர் சீட்டில்லாமல் தர முடியாது, தந்ததைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன். அனுப்பியவர் வேறெங்கும் வாங்கவில்லை என்று நான் உறுதி கூற முடியாது.

இதெல்லாம் ஒரு மருந்துக்கடைக்காரரின் அனுமானம் என்று தள்ளிவிட வேண்டாம். பிரிட்டனில் அரசு ஊழியர்கள் பத்தாயிரம் பேருக்கு மேற்பட்டோரை 1985 முதல் தொடர்ந்து கவனித்துவரும் வைட்ஹால் ஆய்வில், தம் வேலை மீது தமக்குக் கட்டுப்பாடு குறைவாக இருந்தவர்களுக்கு இதய நோய் கூடுதலாக வந்தது தெரிந்தது. மேலதிகாரி தம்மை நியாயமாக நடத்துகிறார் என்று சொன்ன ஆண் ஊழியர்களுக்கு இதய நோய் வரும் அபாயம் மற்றவர்களைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவாக இருந்தது என்று 2005-இல் வெளியிட்டார்கள். சுவீடனிலும் டென்மார்க்கிலும் சுமார் 79,000 ஊழியர்களின் விவரங்களை ஆராய்ந்து 2018 இறுதியில் வெளிவந்த ஆய்வு, பணியிடத்தில் கொடுமைக்கு ஆளானதாகக் கூறியவர்களுக்கு இதய, இரத்தக் குழாய் நோய்கள் வரும் அபாயம் 59 விழுக்காடு அதிகம் என்றது. இரண்டாம் வகை நீரிழிவு பற்றிய இதுபோன்ற ஆய்வொன்று 46 விழுக்காடு என்றது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று இத்தகைய ஆய்வுகளைக் கொண்டு மட்டும் அறுதியிட்டுவிட முடியாது என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் புகைப்பிடித்தல், உடல் எடை போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் வேறுபாடு மறையவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அந்த நாடுகளின் ஊழியர்களுக்கு இருக்கும் விடுப்பும் சங்கமும் மருத்துவக் காப்பும் நம் கடைத்தெரு ஊழியருக்கு இல்லை என்பதையும் சேர்த்தே இந்த எண்களைப் படிக்க வேண்டும்.

வேலை நேரத்தையும் விட்டுவிட முடியாது. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாதம் வரும் அபாயம் 35 விழுக்காடும், இதய நோயால் இறக்கும் அபாயம் 17 விழுக்காடும் கூடுதல் என்று உலகச் சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-இல் அறிவித்தன. தமிழ்நாட்டுச் சட்டப்படி கடை ஊழியருக்கு நாளொன்றுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி. மிகை நேரம் சேர்த்தாலும் நாளுக்குப் பத்து, வாரத்துக்கு 54-ஐத் தாண்டக் கூடாது. காலை ஒன்பதரையிலிருந்து இரவு ஒன்பதரை வரை, வாரம் ஆறு நாள் என்பது எத்தனை மணி என்று வாசகர்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பக்கத்திலிருக்கும் புதுச்சேரியில் 1936 ஜூலை 30 அன்று பஞ்சாலைத் தொழிலாளர்கள் பன்னிரண்டு பேர் பிரெஞ்சுக் காவலரின் துப்பாக்கிக்குப் பலியானார்கள், கம்யூனிஸ்ட் தலைவர் வ. சுப்பையா முன்னின்று நடத்திய அந்தப் போராட்டத்தின் பயனாகவே எட்டு மணி நேர வேலை அங்கே சட்டமாயிற்று. ஆண்டுதோறும் அந்த நாளில் மாலை போடுகிறோம். மாலை கட்டிக் கொடுக்கும் பூக்கடைப் பையனின் வேலை நேரம் என்ன என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இனி, முதலாளிகள் தரப்பு. என் கடையிலும் இருவர் வேலை செய்கிறார்கள்; ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தவர் சொல்லாமல் நின்றுவிடுகிறார், கைப்பேசியிலேயே கண்ணாக இருக்கிறார் என்ற புலம்பல் எனக்கும் புதிதல்ல. கண்டிப்பில்லாமல் கடை நடக்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மருந்து மாற்றிக் கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து என்பதால் என் கடையில் கண்டிப்பு கூடுதலாகவே உண்டு. ஆனால் செய்த தவறைத் தனியே அழைத்துச் சொல்வதும், செய்தவரை நாலு பேர் முன்னால் கூனிக் குறுகவைப்பதும் ஒன்றாகாது. திட்டித் திட்டி வேலை வாங்கும் கடைகளில்தான் ஆள் நிற்பதில்லை என்பது இந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. தெரிந்தும், ஆள் நிற்காததற்குக் காரணம் நூறு நாள் வேலை என்றும் இலவச அரிசி என்றும் பேசிக்கொள்கிறார்கள். "எங்கள் காலத்தில் நாங்கள் வாங்காத திட்டா" என்பவர்கள், தங்களுக்கு நாற்பத்தைந்து வயதில் வந்த இரத்த அழுத்தத்துக்கான மாத்திரையை என் கடையில்தான் மாதாமாதம் வாங்குகிறார்கள் என்பதையும் சொல்லி மேலே போகிறேன்.

சட்டத்தின் நிலை விசித்திரமானது. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க, உச்ச நீதிமன்றத்தின் 1997-ஆம் ஆண்டு விசாகா தீர்ப்பைத் தொடர்ந்து 2013-இல் வந்த சட்டத்தின் மூன்றாம் பிரிவு, "உடல்நலத்தையோ பாதுகாப்பையோ பாதிக்கக்கூடிய இழிவான நடத்துமுறை" என்பதையும் துன்புறுத்தலாகக் கருதத்தக்க சூழல்களில் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. இழிவாக நடத்தினால் உடல்நலம் கெடும் என்பதை நாடாளுமன்றமே ஏற்று எழுதிவைத்திருக்கிறது என்றுதான் இதற்குப் பொருள். ஆனால் அந்த இழிவு பாலியல் தொடர்புடையதாக இருந்தால்தான் அந்தச் சட்டம் பேசும். வெறும் வசவுக்கும் அவமதிப்புக்கும், ஆண் ஊழியருக்கு நேரும் எதற்கும் அது பொருந்தாது. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்காக மாவட்டந்தோறும் உள்ளூர்க் குழு அமைக்கவும் அச்சட்டம் வழிசெய்திருக்கிறது. என் கடைக்கு வரும் பெண்களில் அப்படியொரு குழு இருப்பதை அறிந்தவர் ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. பணியிட வன்முறை, துன்புறுத்தல் ஆகியவற்றை ஒழிக்க 2019-இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய 190-ஆம் உடன்படிக்கை ஆண், பெண், ஒப்பந்தத் தொழிலாளர், பயிற்சியாளர் என எல்லோரையும் உள்ளடக்குகிறது. இந்தியா அதனை ஏற்று உறுதிசெய்ய வேண்டும்.

புதுச்சேரி வாசகர்களுக்குப் பிரான்ஸ் அந்நிய நாடல்ல என்பதால் ஒன்றைக் குறிப்பிடுகிறேன். அங்கே மன ரீதியான துன்புறுத்தல் 2002 முதல் தனிக் குற்றம். ஆட்களைக் குறைக்க வேண்டும் என்பதற்காக ஊழியர்களை இடமாற்றியும் வேலை கொடுக்காமலும் வதைத்து வெளியேறவைக்கும் திட்டத்தை வகுத்ததாக, அந்நாட்டின் பெரிய தொலைபேசி நிறுவனமும் அதன் முன்னாள் தலைவரும் 2019 டிசம்பரில் பாரிஸ் நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டார்கள். அந்த வழக்கில் ஆராயப்பட்ட 39 ஊழியர்களில் 19 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள், 12 பேர் முயன்றவர்கள், எட்டுப் பேர் கடும் மனச்சோர்வுக்கு உள்ளானவர்கள்.  நேரில் திட்டாவிட்டாலும் நிர்வாக முறையே துன்புறுத்தலாக இருக்க முடியும் என்று நீதிமன்றம் சொன்னது. மாதக் கடைசியில் புரட்டப்படும் அந்தக் கழிப்பறை நோட்டும் ஒரு நிர்வாக முறைதான்.

நம் ஊரில் வழக்கு என்ற அளவுக்குப் போக வேண்டியதில்லை. முதலில் கண்டறிய வேண்டும். 1700-ஆம் ஆண்டிலேயே ராமஸ்ஸினி என்ற இத்தாலிய மருத்துவர், நோயாளியைப் பரிசோதிப்பவர் "உன் தொழில் என்ன" என்று தவறாமல் கேட்க வேண்டும் என்றார். என் கைக்கு வரும் மருத்துவச் சீட்டுகளில் பெயரும் வயதும் ஆணா பெண்ணா என்பதும் இருக்கின்றன. தொழில் என்ற இடம் பெரும்பாலானவற்றில் இல்லை. மஞ்சக்குப்பம் அரசுத் தலைமை மருத்துவமனையிலும், கதிர்காமம் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரியிலும், ஜிப்மரிலும் வெளிநோயாளிச் சீட்டில் தொழிலுக்கென ஒரு வரியைக் கட்டாயமாக்குவதற்குப் பெரிய செலவு ஆகாது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2024-இல் பணியிடங்களுக்கும் கொண்டுசென்றிருக்கிறது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கப் போகும் அந்தப் பணியாளர்களே, எத்தனை மணி நேரம் நிற்கிறீர்கள், கழிப்பறைக்குத் தடையின்றிப் போக முடிகிறதா, தூக்கம் வருகிறதா என்று, பொறுப்பாளர் காதில் விழாத இடத்தில் வைத்து, கேட்டுக் குறித்துவந்தால் ஓராண்டில் நம் மாவட்டத்துக்கென்று நம்பத்தகுந்த விவரம் கையில் இருக்கும். இப்போது ஒன்றும் இல்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு தன் தொழில்நோய்ப் பட்டியலில் மனநல, நடத்தைக் கோளாறுகளை 2010-இலேயே சேர்த்துவிட்டது. நம் சட்டத்தின் பட்டியலில் ஈய நச்சும் பாதரச நச்சும் இருக்கின்றன, மனநலம் இல்லை. அதனை மாற்றக் கோருவதற்கும் விவரம்தானே அடிப்படை?

அடுத்து, புகார். புகார் கொடுக்கத் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போக வேண்டுமானால் வேலை நாளில், அலுவலக நேரத்தில் போக வேண்டும். அதற்கு விடுப்பு வேண்டும். விடுப்பு தர வேண்டியவர்மேல்தான் புகார். ஆகவே கடலூர் பேருந்து நிலையத்திலும் புதுச்சேரிப் பேருந்து நிலையத்திலும் பூட்டிய புகார்ப் பெட்டி வைத்து, பெயர் எழுதாத புகார்களையும் ஏற்று, புகாரில் வந்த கடை எது என்று காட்டிக்கொடுக்காதபடி அந்தத் தெரு முழுவதையும் சேர்த்து ஆய்வு செய்வது நல்லது. ஒரு கடைக்கு மட்டும் அதிகாரி போனால், மாலைக்குள் யார் எழுதினார் என்ற விசாரணை உள்ளே தொடங்கிவிடும்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளில் மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்குவோருக்கு ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டு உரிமை உண்டு என்பதையும், சந்தா ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தால் நோயுற்ற நாட்களுக்கு ஆண்டில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 விழுக்காடு கிடைக்கும் என்பதையும் ஊழியர்கள் அறிந்திருப்பது அவசியம். சம்பளச் சீட்டே கொடுக்காத இடத்தில் பிடித்தம் கட்டப்படுகிறதா என்று அவர்களால் எப்படிப் பார்க்க முடியும் என்பது வேறு கேள்வி. மனம் தாங்காத நிலையில் இருப்பவர்கள் 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை எந்நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். இந்த எண்ணைத் தாளில் எழுதி என் கடை முகப்பில் ஒட்டியிருக்கிறேன். இரவு நேரத்தில் நின்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு.

தீபாவளி விற்பனை தொடங்கிவிட்டால் நள்ளிரவு வரை கடைகள் திறந்திருக்கும். அப்போது எந்த ஆய்வும் நடக்காது, நடந்தாலும் எவரும் வாய் திறக்க மாட்டார்கள். எனவே அதற்கு முன்பாகவே கடலூர் மாவட்டத் தொழிலாளர் துறையும் புதுச்சேரித் தொழிலாளர் துறையும் கடலூர் லாரன்ஸ் சாலை, புதுச்சேரி நேரு வீதி, அண்ணா சாலை ஆகியவற்றின் பெரிய கடைகளில் ஊழியர்களுக்கான கழிப்பறை எத்தனையாவது மாடியில் இருக்கிறது, இருக்கைகள் உட்காரப் பயன்படுகின்றனவா, வருகைப் பதிவேட்டில் உள்ள நேரமும் கடை சாத்தும் நேரமும் ஒத்துப்போகின்றனவா என்று ஆய்வு செய்து, கண்டவற்றைத் தங்கள் நாளிதழ் வழியாகவே பொதுமக்களுக்கு அறிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மருந்துக்கடை உரிமையாளர் ஒருவர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.